ஒரு தச்சரின் கடிகாரமும் நடுவழியில் மாற்றப்பட்ட விதிகளும்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் நிகழ்ந்த அறிவியல், தொழில்நுட்ப மாற்றங்களைப் பாடநூல்கள் ஒரு பட்டியலாகத் தருகின்றன. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயை ஆரஞ்சும் எலுமிச்சையும் குணப்படுத்துவதைச் சோதனை மூலம் கண்டார். 1752இல் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்னலின் மின் இயல்பை விளக்கினார். 1758இல் ஹாலி கணித்த வால்மீன் மீண்டும் தோன்றியது. 1764ஐ ஒட்டி ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸின் நூற்பு இயந்திரமும், 1765இல் ஜேம்ஸ் வாட்டின் தனிக் குளிர்கலன் கொண்ட நீராவி இயந்திரத்துக்கான கருத்தும் பிறந்தன.

இந்தப் பட்டியலைச் சற்று உற்று நோக்கினால் வேறொரு செய்தி புலப்படும். பிராங்க்ளின் அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். ஹார்கிரீவ்ஸ் நெசவாளர். வாட் கருவிகள் செய்து பிழைத்தவர். ஹாலியின் வால்மீனை முதலில் கண்டவர் சாக்சனி நாட்டு விவசாயி யோஹான் பாலிட்ச். பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடக்காத கைகள்தாம் அந்நூற்றாண்டின் அறிவில் பெரும் பங்கை உருவாக்கின. ஆனால், எது அறிவு, எது அறிவன்று என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்தக் கைகளிடம் இருக்கவில்லை.

இந்த முரண்பாடு மிகத் தெளிவாக வெளிப்பட்ட நிகழ்வு, ஜான் ஹாரிசன் என்ற தச்சருக்கும் பிரிட்டனின் தீர்க்கரேகை வாரியத்துக்கும் இடையே நடந்த நீண்ட போராட்டம். இதனை ஒரு மேதையின் கதையாகச் சொல்வதே வழக்கம். சட்டம் பயின்ற ஒருவரின் கண்ணுக்கு இது முதன்மையாக ஒரு சட்டத்தின் கதை. ஒரு நாடாளுமன்றம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாக்குறுதியை எழுதி வைத்தது. அந்த வாக்குறுதியை நம்பி வந்து நின்றவர் யார் என்று தெரிந்த பிறகு, அதன் நிபந்தனைகள் மாறத் தொடங்கின.

நேரம் தெரிந்தால் இடம் தெரியும்

நடுக்கடலில் ஒரு கப்பல் இருக்கும் இடத்தை அறிய இரண்டு எண்கள் வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு தொலைவு என்பது அட்சரேகை. நண்பகல் சூரியனின் உயரத்தையோ இரவில் துருவ விண்மீனின் உயரத்தையோ அளந்து இதனைக் கணித்துவிடலாம். கிழக்கே அல்லது மேற்கே எவ்வளவு தொலைவு என்பது தீர்க்கரேகை. இதனை அறிய வானத்தில் அப்படி எளிய அடையாளம் எதுவும் இல்லை. ஏனெனில் பூமி சுழன்றுகொண்டே இருக்கிறது.

அந்தச் சுழற்சியிலேயே விடையும் இருந்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கப்பல் இருக்கும் இடத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன என்று தெரிந்தால் போதும். அங்கே பிற்பகல் 3 மணி என்றால், கப்பல் துறைமுகத்துக்கு 45 பாகை மேற்கே நிற்கிறது. ஆக, துறைமுகத்தின் நேரத்தைக் கப்பலோடு எடுத்துச் செல்லும் ஒரு நம்பகமான கடிகாரம் வேண்டும்.

சொல்வதற்கு எளிதான இந்தத் தேவையை நிறைவேற்றுவது ஏறக்குறைய இயலாத காரியமாக இருந்தது. அக்காலத்தின் துல்லியமான கடிகாரங்கள் ஊசல் கடிகாரங்கள். ஆடும் கப்பலில் ஊசல் நிலைகொள்ளாது. வெப்பத்தில் உலோகம் நீளும், குளிரில் சுருங்கும். உயவு எண்ணெய் ஓரிடத்தில் இளகும், வேறிடத்தில் கெட்டியாகும். கடிகாரம் ஒரே ஒரு நிமிடம் பிழைத்தால், நிலநடுக்கோட்டருகே கப்பலின் இடம் 15 கடல் மைல் பிழைத்துவிடும்.

இந்தப் பிழையின் விலை உயிர்கள். 1707 அக்டோபரில் தளபதி கிளவுட்ஸ்லி ஷவல் தலைமையில் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படை, தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சில்லி தீவுகளின் பாறைகளில் மோதியது. நான்கு கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர்.

1714ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொன்னது?

ஏழு ஆண்டுகள் கழித்து, அரசி ஆனின் ஆட்சியில், நாடாளுமன்றம் தீர்க்கரேகைச் சட்டத்தை நிறைவேற்றியது. கடலில் தீர்க்கரேகையைக் கண்டறியும் வழியைத் தருபவருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. ஒரு பாகைக்குள் சரியாகக் கண்டால் 10,000 பவுண்டு. மூன்றில் இரண்டு பாகைக்குள் என்றால் 15,000. அரைப் பாகைக்குள் என்றால் 20,000. அரைப் பாகை என்பது நேரத்தில் இரண்டு நிமிடம். ஆறு வாரக் கடற்பயணத்தில் இந்த அளவைக் காக்க வேண்டுமானால், கடிகாரம் நாளொன்றுக்கு மூன்று விநாடிக்கு மேல் பிழைக்கக் கூடாது.

இச்சட்டத்தில் கவனிக்கத்தக்க கூறுகள் மூன்று. முதலாவது, போட்டியாளருக்குக் கல்வித் தகுதியோ குலத் தகுதியோ விதிக்கப்படவில்லை. யார் வேண்டுமானாலும், எந்த முறையை வேண்டுமானாலும் முன்வைக்கலாம். இரண்டாவது, சோதனையின் வடிவம் சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டது: பிரிட்டனிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளின் ஒரு துறைமுகத்துக்குச் செல்லும் பயணம். மூன்றாவது, அந்த வழிமுறை நடைமுறைக்கு உகந்ததாகவும் கடலில் பயனுள்ளதாகவும் இருக்க வேண்டும் என்ற சொற்றொடர். முதல் இரண்டு கூறுகளும் தெளிவானவை. மூன்றாவதற்குப் பொருள் சொல்லும் அதிகாரம் ஆணையர்களிடம் விடப்பட்டது. பிற்காலச் சண்டை முழுவதும் இந்தச் சொற்றொடரின் இடைவெளியிலேயே நடந்தது.

ஆணையர்கள் யார்? கடற்படைத் தலைமையினர், மக்களவைத் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர்கள், ராயல் சொசைட்டியின் தலைவர், அரச வானியலாளர், ஆக்ஸ்போர்டு மற்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கணித, வானியல் பேராசிரியர்கள். கருவி செய்யும் கைவினைஞர் எவருக்கும் அதில் இடம் இல்லை. போட்டியின் வாயில் எல்லோருக்கும் திறந்திருந்தது. தீர்ப்பு மேடையோ ஒரு வகுப்பாருக்கு மட்டும் உரியதாக இருந்தது.

அறிஞர்களின் நாட்டம் வானத்தின் மீதே இருந்தது. நிலவு விண்மீன்களுக்கிடையே நகரும் வேகத்தைக் கொண்டு நேரத்தைக் கணிக்கும் 'நிலவுத் தொலைவு முறை'யே அவர்களுக்கு அறிவியலாகத் தோன்றியது. கப்பலின் ஆட்டத்தையும் வெப்பக் குளிர் மாற்றங்களையும் தாங்கும் கடிகாரம் இதுவரை செய்யப்படவில்லை என்று நாடாளுமன்றக் குழுவிடம் 1714இல் கூறியவர் ஐசக் நியூட்டன்.

மரவேலையிலிருந்து பிறந்த துல்லியம்

ஜான் ஹாரிசன் 1693இல் யார்க்ஷயரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். லிங்கன்ஷயரின் பாரோ என்ற சிற்றூரில் தந்தையின் தொழிலைக் கற்று வளர்ந்தார். கடிகாரத் தொழிலில் எவரிடமும் முறையாகப் பயிற்சி பெற்றதற்குச் சான்று இல்லை. இருபது வயதை எட்டும் காலத்தில், 1713இல், மரத்தாலேயே பல்சக்கரங்கள் செய்து முதல் கடிகாரத்தை முடித்தார்.

அவருடைய கண்டுபிடிப்புகள் அனைத்தும் பொருள்களோடு கொண்ட நெருக்கத்திலிருந்து பிறந்தவை. 1722 அளவில் பிராக்கில்ஸ்பி பார்க் மாளிகைக்கு அவர் செய்து கொடுத்த கோபுரக் கடிகாரத்தில் எண்ணெயே தேவைப்படவில்லை. தானாகவே எண்ணெய்ப்பசை கசியும் லிக்னம் விட்டே என்ற வெப்பமண்டலக் கடுமரத்தைச் சுழலும் பகுதிகளில் பயன்படுத்தியிருந்தார். எந்த மரம் எப்படி உராயும், எந்த வைரம் எந்தத் திசையில் தாங்கும் என்பதை அறிந்த தச்சரின் அறிவு அது. அந்தக் கடிகாரம் இன்றும் ஓடுகிறது.

வெப்பத்தால் ஊசல் நீளும் சிக்கலுக்கும் அவர் விடை கண்டார். பித்தளையும் எஃகும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் நீள்பவை. இரண்டின் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்று கீழ்நோக்கி நீள்வதை மற்றொன்று மேல்நோக்கி நீள்வது ஈடுசெய்யுமாறு ஊசலை அமைத்தார். சகோதரர் ஜேம்ஸுடன் சேர்ந்து செய்த இத்தகைய கடிகாரங்களை விண்மீன்களின் நகர்வோடு ஒப்பிட்டே அவர் சோதித்தார்.

1730இல் அவர் லண்டன் வந்தார். அப்போது அரச வானியலாளராக இருந்த எட்மண்ட் ஹாலி அவரைப் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். கிரஹாம் வட்டியில்லாக் கடன் கொடுத்து உதவினார். அறிஞர் உலகம் முழுவதும் ஹாரிசனுக்கு எதிராக அணிவகுத்தது என்று சொல்வது உண்மையாகாது. தொடக்கத்தில் அவருக்குக் கைகொடுத்தவர்களும் அந்த உலகத்தினரே.

1735இல் முடிந்த முதல் கடற்கடிகாரம், இன்று எச்-1 எனப்படுவது, 34 கிலோ எடை கொண்டது. ஊசலுக்குப் பதிலாக, எதிரெதிர்த் திசையில் ஆடும் இரண்டு சமநிலைத் தண்டுகளை அதில் இணைத்திருந்தார். கப்பல் சாயும்போது ஒன்றில் ஏற்படும் பிழையை மற்றொன்று நீக்கிவிடும். 1736இல் லிஸ்பன் சென்று திரும்பிய பயணத்தில், கண்ணில் பட்ட கரை எது என்பதில் கப்பல் தலைவர் தவறிழைத்ததையும் தம் கணிப்பு சரியாக இருந்ததையும் ஹாரிசன் காட்டினார். சட்டம் இயற்றி 23 ஆண்டுகள் கழித்து, 1737இல்தான் வாரியம் முதன்முறையாகக் கூடியது. அடுத்த கருவியைச் செய்ய 500 பவுண்டு உதவி ஒதுக்கியது.

எச்-2 முடிந்தது, அதன் குறையை அவரே கண்டு ஒதுக்கினார். எச்-3க்கு ஏறத்தாழ 19 ஆண்டுகள் உழைத்தார். பரிசுக்கு அது போதவில்லை. ஆயினும் அதன் வழியே இரண்டு அமைப்புகள் உலகுக்குக் கிடைத்தன. பித்தளைத் தகடும் எஃகுத் தகடும் ஒட்டிய ஈருலோகப் பட்டை ஒன்று. உருளைகளைக் கூண்டுக்குள் அடக்கிய பேரிங் மற்றொன்று. வெப்பநிலையைச் சீராக்கும் கருவிகளிலும் சுழலும் இயந்திரங்களிலும் இந்த இரண்டின் வாரிசுகள் இன்றும் இயங்குகின்றன. 1749இல் ராயல் சொசைட்டி தனது உயர்ந்த விருதான காப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கியது.

உள்ளங்கையில் அடங்கிய விடை

பெரிய கருவியை நிலைநிறுத்த முப்பது ஆண்டுகள் போராடியவர், 1750களில் தம் கருத்தையே மாற்றிக்கொண்டார். சிறிய சமநிலைச் சக்கரம் வேகமாக ஆடினால், கப்பலின் மெதுவான ஆட்டம் அதனைப் பாதிக்காது என்பது அவருக்குப் புரிந்தது. 1759இல் முடிந்த எச்-4, 13 செ.மீ. விட்டமும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்ட ஒரு பெரிய பையடக்கக் கடிகாரம். விநாடிக்கு ஐந்து முறை துடித்தது. உராயும் இடங்களில் வைரமும் மாணிக்கமும் பதிக்கப்பட்டிருந்தன.

1761 நவம்பரில் ஹாரிசனின் மகன் வில்லியம் அதனுடன் 'டெப்ட்ஃபோர்டு' கப்பலில் ஜமைக்காவுக்குப் புறப்பட்டார். 1762 ஜனவரியில் கரை சேர்ந்தபோது, கடிகாரத்தின் அன்றாட வேக வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தால், பிழை 5.1 விநாடி மட்டுமே. தொலைவில் இது ஏறத்தாழ ஒரு கடல் மைல். சட்டம் கேட்டதோ 30 கடல் மைல்.

வாரியம் ஏற்கவில்லை. ஜமைக்காவின் தீர்க்கரேகையே உறுதியாகத் தெரியாது என்றது. அன்றாட வேக வேறுபாடு முன்கூட்டியே அறிவிக்கப்படவில்லை என்றது. ஒரு பயணத்தின் வெற்றி தற்செயலாக இருக்கலாம் என்றது. இவற்றில் முதல் இரண்டும் நியாயமான ஐயங்களே. ஆகவே இரண்டாம் சோதனை.

1764இல் வில்லியம் 'டார்ட்டர்' கப்பலில் பார்படோஸ் சென்றார். இம்முறை வேக வேறுபாடு முன்னதாகவே எழுதிக் கொடுக்கப்பட்டது. பார்படோஸின் தீர்க்கரேகையும் வானியல் முறையில் அளக்கப்பட்டது. பிழை 39 விநாடி. ஏறத்தாழ 10 கடல் மைல். சட்டத்தின் மிகக் கடுமையான வரம்பைவிட மூன்று மடங்கு துல்லியம். வாரியம் எழுப்பிய ஐயங்கள் அனைத்துக்கும் விடை கிடைத்துவிட்டது.

போட்டியாளர் நீதிபதி ஆனார்

பார்படோஸில் வானியல் அளவீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர் நெவில் மாஸ்கலின். கேம்பிரிட்ஜில் பயின்ற மதகுரு. தேர்ந்த கணித வானியலாளர். நிலவுத் தொலைவு முறையின் முன்னணி ஆதரவாளர். கோட்டிங்கன் நகர வானியலாளர் டோபியாஸ் மேயரின் நிலவு அட்டவணைகளைக் கடற்பயணத்தில் சோதித்துப் பார்த்தவரும் அவரே. போட்டி முறையைச் சார்ந்தவர் சோதனையில் பங்கேற்பதை வில்லியம் அங்கேயே எதிர்த்தார்.

1765 பிப்ரவரியில் மாஸ்கலின் அரச வானியலாளராக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவியின் காரணமாகத் தீர்க்கரேகை வாரியத்தின் உறுப்பினரும் ஆனார். அவருடைய சமூக நிலையைக் காட்ட நமக்கு அருகிலேயே ஒரு தடயம் உண்டு. அவருடைய தங்கை மார்கரெட், 1753இல் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் ராபர்ட் கிளைவை மணந்தவர். பேரரசைக் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களின் வலைப்பின்னலுக்குள் மாஸ்கலின் இருந்தார். பாரோ கிராமத்துத் தச்சர் அந்த வலைக்கு வெளியே இருந்தார்.

தன் வழக்கில் தானே நீதிபதியாக இருத்தலாகாது என்ற இயற்கை நீதிக் கோட்பாடு இங்கிலாந்துக்குப் புதியதன்று. 1610இலேயே மருத்துவர் பான்ஹாமின் வழக்கில் எட்வர்ட் கோக் அதனை உரத்துச் சொல்லியிருந்தார். மாஸ்கலின் நேர்மையற்றவர் என்று குற்றம் சாட்ட வேண்டிய தேவையே இல்லை. அவர் மிக நேர்மையானவராக இருந்திருக்கலாம். கோட்பாடு கேட்கும் கேள்வி அதுவன்று. முடிவில் தனக்கொரு நாட்டம் உள்ளவர் முடிவெடுக்கும் இருக்கையில் அமரலாமா என்பதே கேள்வி.

அதே ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு புதிய சட்டத்தை இயற்றியது. கடிகாரம் தேவையான துல்லியத்தைக் காட்டிவிட்டது என்பதை மறுக்க முடியாத நிலையில், பரிசு இரண்டாக வெட்டப்பட்டது. கடிகாரத்தின் அமைப்பு முழுவதையும் வெளிப்படுத்தி, செய்த கருவிகளையும் ஒப்படைத்தால் முதல் 10,000 பவுண்டு. அதிலும் முன்னர்க் கொடுத்த தொகை கழிக்கப்படும். பிறரும் அதே போன்ற கடிகாரத்தைச் செய்ய முடியும் என்று நிறுவப்பட்டால் மட்டுமே மீதித் தொகை. மேயரின் மனைவிக்கு 3,000 பவுண்டு வழங்கவும் அதே ஆண்டில் வழிசெய்யப்பட்டது. அட்டவணைகளுக்கு இந்த நிபந்தனைகள் எதுவும் இல்லை.

1765 ஆகஸ்ட்டில், லண்டன் ரெட் லயன் சதுக்கத்திலுள்ள தம் வீட்டில், 72 வயது ஹாரிசன் எச்-4ஐத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு குழுவுக்கு விளக்கினார். குழுவில் மாஸ்கலினும் இருந்தார். அடுத்த ஆண்டு பெரிய கருவிகள் மூன்றையும் எடுத்துச் செல்ல மாஸ்கலின் நேரில் வந்தார். வெளியே கொண்டுவரும்போது எச்-1 கீழே விழுந்து சேதமுற்றது. எச்-4 கிரீன்விச் வானாய்வகத்தில் மாஸ்கலினின் பொறுப்பில் பத்து மாதங்கள் சோதிக்கப்பட்டது. பிரித்துக் கோத்த பிறகு மறுபடியும் நேர்செய்யப்படாத நிலையில் நடந்த சோதனை அது. ஆறு வார மேற்கிந்தியப் பயணத்தில் ஒரு பாகைக்குள்கூட இதனை நம்ப முடியாது என்று அவர் அறிக்கை எழுதினார். இரண்டு கடற்பயணங்களில் நிறுவப்பட்டதை ஓர் அறைக்குள் நடந்த சோதனை மறுத்தது.

மேலும் இரண்டு கடிகாரங்களைச் செய்து காட்ட வேண்டும் என்று முதியவரிடம் கேட்கப்பட்டது. மூலக் கடிகாரமோ அவர் கையில் இல்லை. எச்-5ஐ முடித்த பிறகு குடும்பத்தினர் மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் முறையிட்டனர். 1772இல் மன்னர் தமது சொந்த வானாய்வகத்தில் அதனைச் சோதித்தார். 1773இல் நாடாளுமன்றம் நேரடியாக 8,750 பவுண்டு வழங்கியது. அது வாரியம் அளித்த பரிசன்று. 1776 மார்ச் 24 அன்று ஹாரிசன் இறந்தார். 1714ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப் பரிசு, முறைப்படி, எவருக்கும் வழங்கப்படவே இல்லை.

வாரியத்தின் பக்கம் நியாயம் இருந்ததா?

இருந்தது. அதனைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் ஒருதலைத் தீர்ப்பாகிவிடும்.

பொதுப்பணத்தில் 20,000 பவுண்டு கொடுக்கும் அரசு, ஒரே ஒருவர் செய்த ஒரே ஒரு கடிகாரத்தால் கடற்படைக்கு என்ன பயன் என்று கேட்பது தவறில்லை. எச்-4ஐப் பார்த்து லார்கம் கெண்டல் செய்த நகல் 1769இல் முடிந்தது. அதற்கு அவர் பெற்ற ஊதியமும் வெகுமதியும் சேர்த்து 500 பவுண்டு. எல்லாக் கப்பலிலும் வைக்கும் விலையன்று அது. மாறாக, மாஸ்கலின் 1767ஆம் ஆண்டுக்காக வெளியிடத் தொடங்கிய கடற்பஞ்சாங்கம் மலிவானது. சில மணி நேரக் கணக்கை வெகுவாகச் சுருக்கியது. அவரும் தம் உழைப்பால் மாலுமிகளுக்குப் பயன்பட்டவரே. பிற்காலக் கப்பல்கள் கடிகாரத்தையும் நிலவையும் சேர்த்தே பயன்படுத்தின. ஹாரிசன் தம் வாழ்நாளில் உதவித்தொகை உட்பட 23,065 பவுண்டு பெற்றார் என்பதும் மறைக்கக் கூடாத உண்மை.

எனவே, 'பிறரும் செய்ய முடிய வேண்டும்' என்ற நிபந்தனை தன்னளவில் அறிவுடையதே. அது எப்போது, யாருக்காக எழுதப்பட்டது என்பதில்தான் அநீதி இருக்கிறது. 1714இல் அதனைத் தெளிவாக எழுதியிருந்தால், ஹாரிசன் தம் நாற்பது ஆண்டுகளை வேறு விதமாகத் திட்டமிட்டிருப்பார். தொடக்கத்திலேயே சீடர்களைப் பயிற்றியிருப்பார். இலக்கை அடைந்தவர் கோட்டைத் தொட்ட பிறகு கோட்டை நகர்த்துவது, விதியைச் செம்மைப்படுத்துவதாகாது.

கடைசிச் சோதனையைக் கடலே நடத்தியது. 1772 முதல் 1775 வரை ஜேம்ஸ் குக் தமது இரண்டாம் பயணத்தில் கெண்டலின் நகலைக் கொண்டு சென்றார். வெப்பமண்டலத்திலிருந்து அண்டார்க்டிக் வட்டம் வரை அது நம்பத்தக்க வழிகாட்டியாக இருந்ததை அவர் பதிவு செய்தார். பிறர் செய்த கடிகாரம். மூன்று ஆண்டுப் பயணம். ஐயத்துக்கு இடம் எஞ்சவில்லை.

அடித்தளத்தில் அடைக்கப்பட்டவர்கள்

இந்தக் கதையில் வழக்கமாகச் சொல்லப்படாத ஒரு பகுதி உண்டு. சோதனைப் பயணம் ஏன் மேற்கிந்தியத் தீவுகளுக்கு என்று சட்டம் நிர்ணயித்தது? ஜமைக்காவும் பார்படோஸும் பிரிட்டனின் சர்க்கரைத் தீவுகள். அந்தச் சர்க்கரையை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட மக்கள். பிரிட்டிஷ் கப்பல்கள் ஏற்றிச் சென்ற ஆப்பிரிக்கர்கள் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர். எச்-4 ஜமைக்காவில் இறங்கியபோது, டாக்கியின் பெயரால் அறியப்படும் மாபெரும் அடிமைக் கிளர்ச்சி அங்கே நசுக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன.

கப்பலின் இடத்தைத் துல்லியமாக அறிவது யாருடைய உயிரைக் காத்தது, யாருடைய உடைமையைக் காத்தது என்று கேட்டாக வேண்டும். 1781இல் 'சாங்' என்ற அடிமைக் கப்பல், ஜமைக்காவை வேறொரு தீவு என்று தவறாகக் கருதி அதனைக் கடந்து சென்றுவிட்டது. குடிநீர் போதாது என்று கூறி, அதன் மாலுமிகள் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் எறிந்து கொன்றனர். கப்பல் கரை சேர்ந்தபோது நீர் மீதமிருந்தது. 1783இல் இது லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. கொலை வழக்காக அன்று, காப்பீட்டு வழக்காக. இழந்த 'சரக்கு'க்கு இழப்பீடு உண்டா என்பதே கேள்வி. முதல் விசாரணையில் ஜூரி உரிமையாளர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னர் மறுவிசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

1707இல் திசை தவறிய கப்பல்களில் மாலுமிகள் இறந்தபோது நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1781இல் இடம் தவறிய கப்பலில் ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்டபோது நீதிமன்றம் கணக்குப் பார்த்தது. ஹாரிசனுக்கு நேர்ந்த அநீதி மெய்யானது. ஆயினும் அவருக்கு வீடு இருந்தது, பெயர் இருந்தது, மன்னரிடம் முறையிட வழி இருந்தது. அவர் செய்த கடிகாரங்களின் வழித்தோன்றல்கள் வழிகாட்டிய கப்பல்களின் அடித்தளத்தில் கிடந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. இரண்டு அநீதிகளையும் ஒரே தட்டில் வைப்பது பிழை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பதும் பிழை.

அதே துல்லியம் நம் கரைக்கும் பேரரசின் கருவியாகவே வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைத்த வானாய்வகத்தின் நோக்கங்களுள் கடற்பயணமும் நில அளவையும் அடங்கியிருந்தன. கடலை அளந்த அறிவு, அடுத்ததாக நிலத்தை அளந்து வரி விதிக்கத் துணைநின்றது.

நமக்கு எஞ்சுவது

ஹாரிசனின் முதல் நான்கு கடற்கடிகாரங்களும் கிரீன்விச்சில் காட்சிக்கு உள்ளன. அவற்றைக் காண்போர் ஒரு தனிமனிதரின் விடாமுயற்சியை வியக்கின்றனர். சட்டத்தின் பக்கம் நின்று பார்ப்போர் மூன்று கேள்விகளை எடுத்துச் செல்லலாம்.

ஒன்று, தகுதியை அளக்கும் மேடையில் யார் அமர்ந்திருக்கிறார்கள்? எல்லோரும் போட்டியிடலாம் என்ற அறிவிப்பு மட்டும் சமத்துவம் ஆகாது. இரண்டு, அளவுகோல் எப்போது எழுதப்பட்டது? வந்து நிற்பவரின் முகத்தைப் பார்த்த பிறகு எழுதப்படும் அளவுகோல், அளப்பதற்காக எழுதப்படுவதில்லை. மூன்று, கையால் பெற்ற அறிவை ஏட்டால் பெற்ற அறிவு சோதிக்கும்போது, சோதனை எங்கே நடக்கிறது? கடலுக்காகச் செய்த கருவியைக் கடலில்தான் சோதிக்க வேண்டும்.

கைத்தொழிலைத் தாழ்ந்தது என்றும் ஏட்டறிவை உயர்ந்தது என்றும் பிறப்போடு சேர்த்து எழுதி வைத்த சமூகத்தில் வாழும் நமக்கு, இந்தக் கேள்விகள் தொலைதூரத்தவை அல்ல. இங்கிலாந்தில் அது வகுப்பின் மதில். ஒரு தச்சர் நாற்பது ஆண்டுகள் முட்டி அதில் ஒரு கல்லைப் பெயர்த்தார். நம்மிடம் உள்ள மதில் வேறு. அதைத் தாண்டி வருபவர்களிடம் நடுவழியில் புதிய நிபந்தனை வைக்கப்படும்போது, முந்தைய விதியைத் தேதியோடு எடுத்துக் காட்டுவது நமது முதல் வேலை. ஹாரிசனின் தரப்பில் கடைசிவரை நின்றது அந்த ஆவணந்தான்: 1714ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு வாக்குறுதி.